மேகத்துக்குப் பின்னிருந்த ஒன்பது

அவையை அழகுற நடத்தும் தலைவர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளின் கேள்விகளுக்குச் சளைக்காமல் பதில் சொல்லும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

"அம்மா, நான் கண்டுபிடிச்சது நட்சத்திரமே இல்லன்னா?"

போன வாரம், மதியச் சாப்பாட்டு வேளையில், தொலைபேசியில் என் மகள் கேட்ட கேள்வி இது. முப்பத்தைந்து ஆண்டுகள் பாடம் நடத்திய நான், தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, முதலிலிருந்து சொல்லச் சொன்னேன்.

வானாய்வுக் கூடத்தில் அவள் வேலை என்ன? அருகிலுள்ள தூசி மேகத்தில் புதிதாய்ப் பிறந்த விண்மீன்களைத் தேடுவது. அங்கிருந்து ஒளி வரவே நானூறு ஆண்டுகள் ஆகும். சிரிக்கிறீர்கள், வானத்துக்கு அதுதான் பக்கத்துத் தெரு. புதிதாய்ப் பிறந்த விண்மீன் தூசியைப் போர்த்தியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, வெப்பத்தைப் படமெடுக்கும் கேமராவில் சிவப்பாய்த் தெரியும். போர்வைக்குள் சுருண்ட குழந்தையைக் கதகதப்பால் அறிகிறோமே, அப்படி.

முப்பத்தொன்றைக் கண்டாள். மேலாளர் ஆய்வாளர்களின் பெரிய கூட்டத்தில் அறிவித்தார். அவற்றைப் பார்க்கப் பெரிய தொலைநோக்கியில் நாளும் குறித்தாயிற்று.

பிறகுதான் அவளுக்குப் பயம் பிடித்தது. மேகத்துக்கு வெகு பின்னால் இருக்கும் விண்மீன் திரள்களும் அதே சிவப்பு. மங்கலான அவற்றை வடிகட்ட, இதைவிட மங்கலானவை வேண்டாம் என்று ஓர் ஒளியளவு வைப்பார்கள். தொலைவிலுள்ள வேறொரு மேகத்துக்கு வைத்த தளர்ந்த அளவையே இதற்கும் வைத்துவிட்டாள்.

"சல்லடைய மாத்த மறந்துட்டேம்மா. வேலையே போயிடும்போல இருக்கு."

ஆறு மாதத்தில் பூமி சூரியனின் மறுபக்கம் போய்விடும், அந்த இரு இடங்களிலிருந்தும் எடுத்த படங்களை ஒப்பிட்டாள். இருபத்திரண்டு இம்மியளவு நகர்ந்திருந்தன, அவை அருகிலிருப்பவை. ஒன்பது அசையவே இல்லை, அவை மேகத்துக்கு வெகு பின்னால் இருக்கும் திரள்கள்.

ஒளித்திருக்கலாமே? ஒன்பதுதானே? யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்? அவளுக்கும் தோன்றியதாம். ஆனாலும் மேலாளரின் கதவைத் தட்டினாள்.

"சார், ஒன்பது தப்பு."

"கூட்டத்துல சொல்லியாச்சேம்மா."

"அதான் சார் பயமா இருக்கு."

அவர் பட்டியலை வாங்கி, கீழே இருந்த தன் கையெழுத்தைக் காட்டினாராம். "நானும்தான் பாத்து கையெழுத்துப் போட்டேன். நீ எழுந்து சொல்லு. நான் பக்கத்துல நிக்கறேன். திட்டினா ரெண்டு பேரும் வாங்கிக்கலாம்."

பயமில்லாதவர் பிழை தேடுவாரா? பிழை தேடாதவர் உண்மையைத் தொடுவாரா? தன் பெயரெழுதிய பட்டியலைத் தானே அடித்துத் திருத்துவதும் கண்டுபிடிப்பே, பெரியோர்களே.

இந்த நேரத்தில் அவள் அந்தக் கூட்டத்தின் முன் நிற்கிறாள். என் கைப்பேசி மேசைமேல் கிடக்கிறது, இன்னும் மணியடிக்கவில்லை. நான் அதையே அடிக்கடி பார்ப்பது முன்வரிசைக்குத் தெரியும். இருந்தும் பொறுமையாய்க் கேட்டீர்கள், நன்றி, வணக்கம்.

உட்காரும் முன் ஒன்று. விரலை முகத்துக்கு முன் நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு மறு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் நகரும், எதிர்ச்சுவர் நகராது.