தபசுக்காலத்தில் டிரம்மு

ஹலோ... ஹலோ... பலராமனா? மேன்ஷன்ல மாடியிலேர்ந்து எறங்கி வர இவ்ளோ நேரமா?... ஆமா, ஆமா, நான்தான் சவரிராயன். பாண்டிலேர்ந்துதான். இங்க சாரம் ஏரியாவுல கமருஸ்ஸமான் பாய் கடையிலேர்ந்து பேசறேன். காலைல போட்ட டிரங்க் கால், இப்பதான் கெடச்சுது... இல்லடா, குடிக்கல. விட்டு எட்டு மாசமாச்சு. இது அசதி.

மொதல்ல நான் சொல்றத கேளு. வர்ற வெள்ளிக்கிழமை மாதா கோயில்ல நம்ம பேண்டு வாசிக்கல... மழையெல்லாம் இல்ல. சாமியார் வேணாம்னுட்டாரு... ஆமா, சரின்னவரும் அவருதான். பேண்டுக்கு சரின்னாரு. தேதிய நான் சொல்லல. நேரா நோட்டீஸ் அடிச்சு எடுத்துகிட்டுப் போயி கையில குடுத்தேன். கண்ணாடிய கழட்டிட்டு என்னையே பாத்தாரு. "ஏம்ப்பா, தபசுக்காலத்துலயா டிரம்மு?"ன்னாரு.

அதான்டா, பாஸ்காவுக்கு, ஈஸ்டருக்கு முன்னால வர்ற நாப்பது நாளு. கோயில்ல டிரம்மு, கித்தாரு எதுவும் கூடாது. வாயால பாடறதோட சரி... தெரியும்டா, சின்ன வயசுல தெரியும். நடுவுல பன்னண்டு வருஷம் கோயில் பக்கமே போகலயே. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை ஜெபத்துக்கு ஏகப்பட்ட கூட்டம். கூட்டம் இருக்கற நாளா பாத்து வச்சுடுவோம்னு... ஆமா, ஓட்டல்ல வாசிச்ச புத்திதான். சிரி.

என்னடா சொல்ற?

ஓட்டல் வேலைய விட்டுட்டியா? எப்ப?... நேத்தா? மேனேஜர்கிட்ட சொல்லியே வந்துட்டியா?... அய்யோ. என் லெட்டரால. "ராக் போதும், சாமிக்கு வாசிப்போம் வா"ன்னு மூணு லெட்டர் எழுதினேன். நீ எங்க கோயிலுக்குள்ள கால் வச்சதே இல்ல. நான் கூப்புட்டேன்னு ஒரே காரணத்துக்கு... வெக்கமா இருக்குதுடா எனக்கு.

நானா? திரும்ப அந்த ஓட்டலுக்கா? இல்ல, வர மாட்டேன்... கோவமில்லடா. அன்னிக்கி போதையில பாட்டு நடுவுல வாசிக்க முடியாம நின்னுட்டேனே, மறுநாள் இங்க வந்து கோயில்ல கடைசி பெஞ்சுல போயி ஒக்காந்தேன். யாரும் எதுவும் கேக்கல. அந்த எடத்த விட்டு என்னால வர முடியாது.

ஆபரேட்டர் சார், கட் பண்ணாதீங்க. இன்னொரு மூணு நிமிஷம்... முடியாதா? ஒரே ஒரு வார்த்த சார்.

பலராமா, சாமியார் இன்னொண்ணு சொன்னாரு. பாஸ்காவுக்கு முன்னால வர்ற பெரிய வியாழனோட கோயில் மணியையும் நிறுத்திடுவாங்க. மணிக்குப் பதிலா மரக்கட்டைதான் தட்டுவாங்க. தட்டறவரு படுத்த படுக்கையா கெடக்குறாரு. "ஒன் சிநேகிதன் தட்டுவானா?"ன்னு கேட்டாரு... கட்டைதான்டா. வேற ஒண்ணும் இல்ல. ரெண்டு நாள் தட்டு. பாஸ்காவுக்கு மணி அடிச்சதும் டிரம்முல ஒக்காந்துக்கோ...

வேணாம்னா வேணாம்னு சொல்லிடு. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்...

...என்னது? சரியா கேக்கல... ஒரு கையாலயா, ரெண்டு கையாலயான்னா கேக்கற?

ரெண்டு கையாலயும் தட்டுடா! ரெண்டு கட்டை செய்யச் சொல்றேன்... நீ பஸ் ஏறு மொதல்ல. எந்த பஸ்ஸுல... ஹலோ?... ஹலோ...