காய்ச்சல் இல்லாத சீக்கு

பீர்மேட்டுப் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இரண்டு பேர். ஜன்னலோரம் இருந்தவளுக்குக் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. அந்த வருஷம் மலை முழுக்கக் கண்நோய்.

“எனக்கு நூத்திரெண்டு டிகிரி காய்ச்சலாம் மதினி. தோட்டத்து ஆஸ்பத்திரிச் சீட்டுல எழுதியிருக்கு,” என்றாள் அவள்.

மற்றவள் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். “ஜில்லுன்னுல்லா இருக்கு?”

“சீக்குன்னா சம்பளத்தோட லீவு குடுக்கணும்னு சட்டம் இருக்குல்லா. ஆனா காய்ச்சல் இருந்தாத்தான் சீக்குன்னு தொரை சொல்லிட்டாராம். கண்ணு செவந்தா மட்டும் பத்தாதாம்.”

“அதுக்குக் கம்பவுண்டரு பொய்யா எழுதுனாரு?”

“முந்தாநாள் எழுதலையே. உள்ள வராத, ஒட்டிக்கிடும்னு ஜன்னலுக்கு வெளியவே நிக்க வச்சாரு. அங்க இருந்தே பாத்துட்டு, வேலைக்குப் போகலாம்னு சீட்டு எழுதி நீட்டுனாரு. ‘உங்களுக்கு ஒட்டும்னா, எங்கூடக் கொழுந்து எடுக்குறவங்களுக்கு ஒட்டாதா சார்?’னு கேட்டேன். ஜன்னலைச் சாத்திட்டாரு.”

“பெறகு?”

“இன்னைக்குப் போனா, அவரே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. கண்ணுல தண்ணி கொட்டுது. என்னைய உள்ள கூப்பிட்டாரு. தெர்மாமீட்டரை வெந்நீர்ல லேசாக் காட்டுனாரு, நூத்திரெண்டுன்னு எழுதிட்டாரு.”

“பாவம். அவருக்கும் அப்படியே ஒரு சீட்டு எழுதிக்கிட வேண்டியதுதான?”

“நானும் அதத்தான் கேட்டேன் மதினி. அவரு சீட்டை அவரே எழுதக் கூடாதாம். கண்ணைத் தொடச்சுக்கிட்டே அடுத்த ஆளை வரச் சொன்னாரு.”