மேல் ஓடைக்கு ஒரு வாளி

நான் இவ்வளவு நல்லவளாகவா இருந்தேன் என்று தோன்றியது அவளுக்கு. அவள் பணி ஓய்வு பெறும் நாளில், மீன் பண்ணையின் உணவுக்கூடத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, கணக்காளர் எழுந்து நின்று பாராட்டு மடலை வாசிக்க வாசிக்க, யாரோ தூரத்து உறவுக்காரியைப் பற்றிக் கேட்பதுபோல இருந்தது.

"எங்கள் அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய அக்கா, விடியுமுன் வந்து விளக்கணைத்துச் செல்பவரே, பொரியாத முட்டைக்கும் பொறுமை காட்டிய பெருந்தகையே, தொட்டிகளின் தாயே, வணக்கம்."

பக்கத்தில் இருந்த ஸ்டோர்க்காரி குனிந்து, "இத்தனை பிள்ளை பெத்தும் இடுப்பு வலிக்கலையாக்கா?" என்றாள்.

"உனக்குத்தான் வாய் வலிக்கல" என்றாள் இவள்.

"டிரவுட் மீனின் கண்புள்ளி தெரியும் முட்டையிலிருந்து முழங்கை நீளம் வரை வளர்த்து, அருவிக்குக் கீழுள்ள ஆற்றில் ஆண்டுதோறும் விட்டீர்கள். தூண்டிலோடு வந்தவர் பலர் மீனோடு திரும்பினர். மீனின்றித் திரும்பியவரும் உங்களைக் குறை சொன்னதில்லை."

அது உண்மையில்லை. முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருந்த தூண்டில் சங்கத் தலைவர் நிறையச் சொல்லியிருக்கிறார். "பண்ணை மீனா? ஹாஸ்டல் பையன் மாதிரி. மணி அடிச்சா தட்டோட வந்து நிக்கும்" என்பார், ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வதுபோல. சுருக்கென்று இருக்கும். காலடிச் சத்தத்துக்கு அவை மேலே வருவது மெய்தான். அப்படிப் பழக்கியவளே அவள்தான்.

அருவிக்கு மேலே, மேல் ஓடையில் இருக்கும் மீன்களை யாரும் கொண்டுவந்து விடவில்லை. நிழல் விழுந்தாலே கல்லுக்கடியில் போய்விடும். விடுமுறை நாட்களில் தூண்டிலும் இறகால் கட்டிய பொய்ப்பூச்சியுமாக அங்கே ஏறிப்போவாள். மீன் கழன்றுவிடாமல் பிடிக்கும் கொக்கியின் எதிர்முள்ளை அரத்தால் தேய்த்து எடுத்திருப்பாள். ஒன்று மாட்டினால் கையை நனைத்துக்கொண்டு தொடுவாள், விட்டுவிடுவாள். ஏன் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. பகலெல்லாம் தீனி போடுகிறவளுக்குத் தன்னைத் தேடாத ஓர் உயிர் தேவைப்பட்டதோ என்னவோ.

"மேலேயும் நாலு வாளி விடுங்கம்மா, ஏறி வந்ததுக்கு ஏதாவது கிடைக்கட்டும்" என்று தலைவர் பல வருடங்களாகக் கேட்டு வருகிறார். பண்ணை மீன் அவற்றின் இரையைத் தின்னும், அவற்றோடு கலந்து முட்டையிடும், பிறகு அந்த இனமே அங்கே இருக்காது என்று ஒவ்வொரு முறையும் மறுத்திருக்கிறாள்.

கணக்காளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"விடுமுறை நாளிலும் உங்கள் உள்ளம் நாடிய இடம் மேல் ஓடை என்பதை நாங்கள் அறிவோம். நீங்கள் வளர்த்தவை நீங்கள் விரும்பும் நீரிலேயே வாழட்டும். சங்கத் தலைவரின் அன்பான யோசனைப்படி, இன்று உங்கள் பொற்கரங்களால் முதல் வாளி அங்கே விடப்படும். இனி ஆண்டுதோறும் உங்கள் பெயரால் அது தொடரும். நோயின்றி, குறையின்றி, நினைத்தபோது உறங்கி நினைத்தபோது விழித்து நெடுங்காலம் வாழ்வீராக. இங்ஙனம், உங்களிடம் திட்டு வாங்கியே தொழில் கற்ற பண்ணைப் பணியாளர்கள்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஒரு வாரமாக அவள் உள்ளே வந்தால் எல்லோரும் பேச்சை நிறுத்தியது இதற்குத்தான். அன்பால் செய்திருக்கிறார்கள். 'உங்கள் பெயரால்' என்றபோது தன் மனம் ஒரு கணம் குளிர்ந்ததையும் அவள் கவனித்தாள். அதுதான் அவளைப் பயமுறுத்தியது. இந்த மடலை வாங்கிக்கொண்டால், நாளை யார் தடுத்தாலும், அக்காவே சம்மதித்தார் என்று இதையே காட்டுவார்கள்.

மேலாளர் சட்டம் போட்ட மடலை நீட்டினார். "வாங்கிக்கோங்கக்கா. வண்டி ரெடி, மீனும் ஏத்தியாச்சு."

"அந்த மீனைக் கீழ ஆத்துலயே விடச் சொல்லுங்க சார்."

"ஒரு வாளிதானேக்கா?"

தலைவர் சிரித்தார். "உங்க பிள்ளைங்கதானேம்மா. நீங்களே மட்டமா நினைச்சா எப்படி?"

கூடத்தில் சிலரும் சிரித்தார்கள். கணக்காளர் மட்டும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் கைப்பட இரண்டு முறை எழுதிப் பார்த்திருப்பார், பாவம்.

"மட்டமா நினைக்கலைங்க. அங்க ஏற்கெனவே ஆள் இருக்கு" என்றாள்.

மேலாளர் குரலைத் தாழ்த்தினார். "எல்லாரும் பார்க்கிறாங்க. இதையாவது கையில வாங்குங்கக்கா."

அவள் கணக்காளரைப் பார்த்து, "நல்லா எழுதியிருக்கீங்க தம்பி. அந்தக் கடைசிப் பத்தியில என் பேர்ல மீன் விடுற பேச்சை மட்டும் எடுத்துட்டுக் குடுங்க. அதுவரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தாள்.