பேனா இல்லாத வக்கீல்

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, கறுப்பு அங்கியோடு வந்திருக்கும் வழக்கறிஞர் நண்பர்களே, போட்டது போட்டபடி ஓடி வந்திருக்கும் என் பட்டறைத் தோழர்களே! இரங்கல் உரை ஆற்றச் சொன்னீர்கள். எப்படிப் பேசுவேன்?

எல்லாவற்றுக்கும் கணினியில் மின்கையொப்பமே இட்டதால், ‘பேனா இல்லாத வக்கீல்’ என்று நீதிமன்ற வளாகமே அவரைக் கேலி செய்தது. “பேனாவ வித்துட்டீங்களா சார்?” என்பார்கள். “கையெழுத்து மையிலயா இருக்கு? மனுஷன் ஒத்துக்கிட்டதுல இருக்குப்பா” என்று சிரிப்பார்.

நான் அட்டைப்பெட்டி செய்கிறவன். ஒரு மிட்டாய் கம்பெனிக்காரர் மின்கையொப்பமிட்டு ஆர்டர் அனுப்பினார். அவர் பெயரையே அச்சடித்துப் பெட்டிகளைக் கூரை முட்ட அடுக்கினோம். வேறிடத்தில் மலிவாகக் கிடைத்ததும், “அது நான் போட்டதில்ல, யாரு வேணா பட்டனத் தட்டியிருக்கலாம்” என்று கைவிரித்தார். அடுத்தவர் பெயர் போட்ட பெட்டியை யார் வாங்குவார்? பட்டறையே மூழ்கும் நிலை! போன இடமெல்லாம், “காகிதம் எங்கே?” என்றார்கள். நம் வக்கீல் ஒருவர்தான், “உக்காருங்க, சட்டம் ஏத்துக்குது” என்றார். வென்றும் காட்டினார்!

எதிராளி மேல்முறையீடு போனார். நம் பதில் மனுவை எழுதி முடித்தவர், மின்கையொப்பம் இடுவதற்குள் மேசையிலேயே சாய்ந்துவிட்டார். நாளைதான் கடைசி நாள். வாங்க வேண்டிய அவகாசமெல்லாம் வாங்கியாகிவிட்டது. ஐயோ, நான் எங்கே போவேன்?

பல வக்கீல் அலுவலகங்களில் மின்கையொப்பக் கருவியும் அதன் ரகசிய எண்ணும் குமாஸ்தாவிடமே கிடக்கும். இவர் குமாஸ்தாவைத் தொடவிட்டதில்லை. எண் அவர் மனைவிக்கு, நம் அண்ணிக்கு மட்டும் தெரியும். நேற்று வெட்கத்தை விட்டு அவரிடம் கெஞ்சினேன்.

“நம்பர மட்டும் சொல்லுங்க அண்ணி. அவரு போடவேண்டிய கையெழுத்துதானே?”

அழுது வீங்கிய கண்ணோடு அண்ணி கேட்டார்: “அவரே போனப்புறம் அவரு கையெழுத்து எப்படிங்க வரும்? யாரு வேணா போடலாம்னுதானே அந்த ஆளு சொல்றான்? அவன் சொன்னத நாமளே நிஜமாக்கிடலாமா?”

நான் தலை கவிழ்ந்து வெளியே வந்தேன்.

பேனா இல்லாத வக்கீலே! உங்கள் பெயரில் பொய்க் கையெழுத்து விழாது. பட்டறை போனாலும் விழாது. இது உறுதி!

வழக்கறிஞர் நண்பர்களே, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அவர் எழுதிய மனு தயாராக இருக்கிறது. வழக்கை ஏற்று, தன் பெயரில், தன் கையால் ஒப்பமிட ஒருவர் வேண்டும். ஒரே ஒருவர்! இப்போது மௌன அஞ்சலிக்கு எல்லோரும் எழுந்து நிற்போம். முடிந்ததும் உட்காருங்கள். கையெழுத்துப் போடுகிறவர் மட்டும் நின்றுகொண்டே இருங்கள்.