விரல் போகாத நம்பர்

கைல அடியெல்லாம் படல சார், பொறந்ததுலேர்ந்தே இப்படித்தான். ரிசீவர மாட்டிட்டு நம்ம எஸ்.டி.டி. பூத்துலயே ஒக்காருங்க, பெரம்பலூர் பஸ் வர நேரமாவும். கை வெலங்கலன்னு பரிதாபமா பாக்குறீங்க, அதான் இல்ல. பலம் கூடிப்போனதுதான் தொந்தரவே. பொறக்கறப்ப மூச்சு முட்டி மூளைல கொஞ்சம் சேதம். இப்ப மூளை மெதுவா தொடுன்னு சொல்லி அனுப்பினா, கை திருடனப் புடிச்ச மாதிரி புடிக்கிது.

காலும் அப்படித்தான். முட்டி ரெண்டும் ஒட்டிக்கிட்டு, குதிகால் தரைல படாம, ஒய்யாரமா வருவேன். தண்ணி போட்டுட்டு வாரேன்னு பள்ளிவாசல்லயே ஒருத்தர் என் வாய மோந்து பாத்திருக்காரு. நாக்கும் தசைதானே, அதான் பேச்சும் இழுக்குது. புரியுதுல்ல? சந்தோஷம்.

இந்தக் கைய வெடுக்குனு இழுத்தா இன்னும் இறுகும், பொறுமையா நீட்டுனா எளகும். அவசரம், பயம், ஆசை, எது வந்தாலும் மரக்கட்டைதான். மனசுல ஒண்ண மறைச்சு வெச்சுக்கவே முடியாது, கை போய் ஊருக்கே சொல்லிரும். இன்னிக்கு ஒரு போன் பண்ணணும், அதான் இவ்ளோ இறுக்கம்.

போன வாரம் ஆண்டிமடத்துக்குப் பொண்ணு பாக்கப் போனோம் சார். சர்பத்து குடுத்தாங்க. மாப்ள முறுக்கு, ஸ்ட்ரா கேக்க வெக்கம். கிளாஸ எடுத்துட்டேன். அந்நேரம் பாத்து அடுப்படில குக்கர் விசில் அடிச்சிச்சு. திடீர்னு சத்தம் கேட்டா எனக்குத் தூக்கிப் போட்ரும். மொத்தச் சர்பத்தும் பொண்ணப் பெத்த அத்தாவோட வெள்ளச் சட்டைல. பரவால்ல பரவால்லன்னு சொல்லிட்டு எல்லாரும் எழவு வூடு மாதிரி ஒக்காந்துட்டாங்க. எங்கம்மா அழுதே போட்டாங்க. தெரைக்குப் பின்னாடி ஒரே ஒரு ஆளுதான் விழுந்து விழுந்து சிரிச்சிச்சு. மர்ஜியா. பொண்ணு.

கேலியா? அந்த வித்தியாசம் எனக்குத் தெரியாதா சார்? பொறந்ததுலேர்ந்து கேக்குற சிரிப்புங்க. எனக்கும் வந்திருச்சு, அடக்க முடியல.

நேத்து அந்தப் பொண்ணே சொல்லி அனுப்பிருக்கு. பெரியவங்க பேசுனது போதும், சம்மதம்னா நாளைக்குச் சாயங்காலம் அசர் தொழுகைக்கு முன்னாடி அவரே போன் பண்ணட்டும்னு.

துபாய், சவுதின்னு ஊருக்கே போடுற வெரலு சார் இது. உங்களுக்கும் டக்குனு போட்டேன்ல? இந்த நம்பருக்கு மட்டும் காலைலேர்ந்து மடங்கிக்கிட்டு நிக்கிது. இந்த பஸ் போனா அடுத்த பஸ் இருக்கு. நான் சொல்லச் சொல்ல நீங்க அழுத்துங்க. மணி அடிச்சதும் ரிசீவர என் காதுல வெச்சிட்டு, கதவச் சாத்திட்டு வெளில நின்னுக்குங்க. பேசறத நானே பேசிக்கிறேன்.