பதிவுக்குப் பின் திறக்கும் பக்கம்

பதிவுசெய்து முடித்ததும் எந்தப் பக்கம் திறக்கிறது என்பதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை, ஐயா. பெரும்பாலான இணையதளங்கள் முகப்புக்கே கொண்டுபோய் விட்டுவிடும். எனக்கு அந்தச் சோம்பேறித்தனம் ஆகாது. வந்தவருக்கு எது தேவையோ அங்கே கொண்டுபோய் விட வேண்டும் என்பேன்.

எங்கள் தளம் வீட்டில் அடிபடும் பெண்களுக்கானது. பதிவுசெய்கிறவள் ‘ஆபத்தில் இருக்கிறேன்’ என்று குறித்தால், நேராக ஆலோசகரோடு பேசும் பக்கம் திறக்கும்படி செய்தவன் நான்தான். பேசிக்கொண்டே அவர் வண்டி அனுப்பி, எங்கள் காப்பகத்துக்கு அழைத்துக்கொள்வார். “உன் புண்ணியத்துல எத்தனை பேர் உசிரோட இருக்காங்க தெரியுமா?” என்பார் எங்கள் மேலாளர் அம்மா. இதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் தங்கையை என் நண்பனுக்குக் கட்டிக்கொடுத்தேன். நானே பார்த்து, நானே பேசி முடித்த சம்பந்தம். நண்பனாக இருந்தவரை அவன். மாப்பிள்ளையான பிறகு அவர். கொஞ்சம் முன்கோபி. கைநீட்டுவார், பிறகு அவரே உட்கார்ந்து அழுவார். எந்த வீட்டில்தான் சண்டை இல்லை? அவள் பெட்டியோடு எங்கள் காப்பகத்தில் வந்து நின்றால் நான் அலுவலகத்தில் யார் முகத்தில் விழிப்பது?

“அண்ணா, உங்க சைட்ல பதிஞ்சா வந்து கூட்டிட்டுப் போவாங்களாமே?” என்று ஒருநாள் போனில் கேட்டாள்.

“ஆமாம்மா, பதிஞ்சு வை.”

போனை வைத்த கையோடு, தளத்தின் நிரலில் அவளுடைய மின்னஞ்சல் முகவரிக்கு மட்டும் தனியாக ஒரு நிபந்தனை எழுதினேன். அவள் பதிவு ஆலோசகரிடம் போகாது. அதற்குப் பதில் நான் எழுதிய பக்கம் திறக்கும். ‘உங்கள் விவரம் கிடைத்தது. எங்கள் ஆட்கள் வருவார்கள். அதுவரை வீட்டைவிட்டு வெளியே போகாதீர்கள்.’ இளநீல எழுத்து, பார்க்க இதமாக இருக்கும். வேலையில் எனக்கு அக்கறை உண்டு.

நாலு நாள் போனால் இரண்டு பேருக்கும் கோபம் ஆறிவிடும் என்று நினைத்தேன். அவளோ திரும்பத் திரும்ப உள்ளே நுழைந்து பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அதே பக்கம். எந்த இயந்திரம் மக்கர் செய்தாலும் அது தன் தப்பு என்றே நினைப்பவள், பாவம். கடைசியாக அழைத்தபோது குரல் அடங்கியிருந்தது.

“நான் எதையாச்சும் தப்பா அழுத்திட்டேனா அண்ணா? யாருமே வரலையே. இவரு இன்னிக்கு ரொம்ப மோசமா இருக்காரு.”

“எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு. வெளிய மட்டும் போயிடாத. வந்துடுவாங்க.”

மறுநாள் பிணவறையில் அவளை அடையாளம் காட்டினேன். அழுதேன், அது நடிப்பில்லை. கொன்றது மாப்பிள்ளை. நான் அவள்மேல் ஒரு விரல்கூட வைத்ததில்லை.

பக்கத்து வீட்டு அம்மா சொன்னார். அன்று சத்தம் கேட்டு, “எங்க வீட்டுக்கு ஓடி வந்துடும்மா” என்று சன்னல் வழியாகக் கூப்பிட்டாராம். கதவு திறந்துதான் இருந்ததாம். “இல்லக்கா, ஆளுங்க வர்றாங்க. வெளிய போகக் கூடாதுன்னு அண்ணன் சொல்லியிருக்கு” என்றாளாம்.

கடைசிவரை என் பேச்சைத் தட்டவில்லை, ஐயா. நான் அவளை அப்படித்தான் வளர்த்தேன்.