இரைச்சல் இல்லாத பதிவு

எங்கள் ஆய்வுகூடத்துக்கு வருபவர்கள் முதலில் குளிரைப் பற்றித்தான் கேட்பார்கள். விசாரணைக்கு வந்த நீங்களும் கேட்டீர்கள். லண்டன் குளிர் அதற்குக் கிட்டவும் வராது. திரவ ஹீலியத்துக்குள் இருந்தால்தான் என் மீகடத்தி சென்சார் வேலை செய்யும். வயிற்றுப் பிள்ளையின் இதயம் எழுப்பும் மிக மெல்லிய காந்தத் துடிப்பையும் அது பிடித்துவிடும். எட்டு வருடம் மினக்கெட்டு அதன் இரைச்சலைக் குறைத்தவன் நான்.

2009 மார்ச்சில், எனக்குத் தெரிந்த லலிதா அக்காவைத் தெற்கு லண்டன் தோர்ண்டன் ஹீத்திலிருந்து நானே சோதனைக்குக் கூட்டி வந்தேன். அவருக்கு எட்டாம் மாதம். உலோகம் எதுவும் கூடாது என்றேன்.

"தாலிக்கொடியைக் கழட்டமாட்டன் தம்பி. அதில கொழுவின சேப்டி பின்னை வேணுமெண்டால் எடுக்கிறன்."

தங்கத்தால் குழப்பமில்லை, இரும்பால்தான் குழப்பம். அதில் இருந்த மூன்று பின்களையும் நானே வாங்கி அறைக்கு வெளியே வைத்தேன்.

பதிவில் பிள்ளையின் துடிப்பு இடையிடையே நின்று நின்று வந்தது. என் மேலாளர் சேகர் மதுரைக்காரர். திரையைப் பார்த்த உடனேயே முடிவு சொன்னார்.

"உங்க சென்சார் விட்டு விட்டு வேலை செய்யுது. பிராஜெக்டை மூடிடலாம்."

திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். அதே பதிவில் தாயின் துடிப்பு ஒன்றுகூட விடுபடவில்லை. சென்சார் நிற்கவில்லை, பிள்ளையின் இதயம்தான் நின்று நின்று ஓடியது.

அடுத்த நாள் அக்கா எனக்குப் போன் எடுத்தார்.

"பிள்ளை சுகமோ தம்பி?"

"ஓம் அக்கா. பதிவுதான் குழம்பிப் போச்சு. ஒரு பின்னைக் கழட்டாமல் விட்டிட்டியள்."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

பதினொரு நாள் காத்திருந்தேன். பிறகு ஆஸ்பத்திரி அறிக்கை வந்தது. இதயத் துடிப்பில் கோளாறு, பிள்ளை வயிற்றிலேயே இறந்துவிட்டது. அதையும் என் பதிவையும் சேகரின் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது, அதை நான் மறைக்கப் போவதில்லை.

ஏன் தாயிடம் சொல்லவில்லை என்கிறீர்கள். சொல்லியிருந்தால் அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்து, பிள்ளையை நேரத்தோடு வெளியே எடுத்திருப்பார்கள். அது வீரிட்டு அழுதுகொண்டு பிறந்திருக்கும். அந்தப் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு, என் சென்சார் பொய் சொன்னது என்று நீங்கள் எல்லோரும் சிரித்திருப்பீர்கள்.